அக்குளில் எலுமிச்சம்பழம் தேய்க்காதீர்கள், தயவுசெய்து

இப்படித் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில், இந்த மாதத்தில் இந்தப் பெண் நான்காவது ஆள். ஜவுளிக்கடையில் வேலை, காலையிலிருந்து இரவு வரை பாலியெஸ்டர் சீருடையில் நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட்டாராம். ஏதோ வீடியோவைப் பார்த்து மூன்று வாரமாக எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா குழைத்துத் தேய்த்திருக்கிறார். தோல் உரிந்து, கையைக் கீழே தொங்கவிட முடியாமல், இடுப்பில் கை ஊன்றியபடியே உள்ளே வந்தார்.

எலுமிச்சைச் சாறு தோலை அரிக்கும் அமிலம். சோடா தோலுக்கு ஆகாத காரம். ரசத்துக்கும் ஆப்பத்துக்கும் அவற்றை விட்டுவிடுங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். வாடை அடித்தால் குளிக்காதவர், அழுக்கானவர் என்று முடிவு கட்டுகிறோமே, அது. இந்தப் பெண் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிறார்! வெயிலில் நடந்து வந்து உங்கள் நெற்றி வியர்வையை முகர்ந்து பாருங்கள், பெரிதாக ஒன்றும் இருக்காது. அக்குளில் கூடுதலாக வேறொரு வகைச் சுரப்பி இருக்கிறது, அது பருவ வயதில்தான் விழித்துக்கொள்ளும். நாளெல்லாம் புழுதியில் புரளும் ஐந்து வயதுப் பையனின் அக்குள் நாறாததும், குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போகும் அவன் அக்காவுக்கு மதியமே வாடை வருவதும் அதனால்தான். அந்தச் சுரப்பும் வரும்போது மணமற்றதுதான். தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. நார் போட்டுத் தேய்த்தால் தோல்தான் போகும், பாக்டீரியா மறுநாளே திரும்பி வந்துவிடும்.

சரி, என்ன செய்வது? கடையில் வாங்கும் பாடி ஸ்ப்ரே பெரும்பாலும் வெறும் வாசனைதான். டப்பாவில் 'ஆன்டிபெர்ஸ்பிரன்ட்' என்று இருக்கிறதா பாருங்கள், அதிலுள்ள அலுமினிய உப்புதான் வியர்வைத் துளையை அடைக்கும். அதை இரவில், நன்றாகத் துடைத்துக் காய்ந்த தோலில் போட வேண்டும். காலையில் அவசரமாகப் பூசிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினால் வியர்வையோடு வழிந்துவிடும். சவரம் செய்த அன்று வேண்டாம், எரியும். அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பதற்கு இதுவரை ஆதாரமில்லை. அலுமினியமா என்று பயந்து 'இயற்கையான' படிகாரத்துக்கு மாறியவர்களுக்கு ஒரு சேதி: படிகாரமும் அலுமினிய உப்புதான். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

முடியை ஒட்டக் கத்தரியுங்கள். நேற்றைய ஜாக்கெட்டை இன்று போடாதீர்கள். அப்புறம், மெடிக்கலில் 'அரிப்புக்கும் கருப்புக்கும்' என்று தரும் ஸ்டீராய்டு கிரீமைத் தொடவே தொடாதீர்கள். தோல் மெலிந்து அக்குளில் கோடு கோடாக விழுந்துவிட்டால் என்னாலும் அழிக்க முடியாது. அக்குள் கறுத்துத் தடித்து வெல்வெட் மாதிரி ஆகியிருந்தால் தேய்க்க வேண்டாம், சர்க்கரை பாருங்கள்.

இவருக்கு முதலில் புண் ஆற வேண்டும், அதுவரை எதையும் பூசக் கூடாது என்றேன். கடையில் பருத்திச் சீருடை கேட்டுப் பாருங்களேன் என்றதற்கு, "கேட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்பார்கள் டாக்டர்" என்றார். புடவை அதுவே இருக்கட்டும், ஜாக்கெட்டை மட்டும் அதே நிறப் பருத்தியில் தைத்துக்கொள்ளலாமே என்று கடைசியில் பேசி முடித்தோம். தளர்வாக, நாலு ஜாக்கெட்.