கிலோவாட்டைப் பார்க்காதீர்கள், இறக்கையைப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் வயரிங், சோலார் வேலை எடுத்துச் செய்கிறேன். தோட்டத்துப் பக்கமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: “அண்ணே, ஆன்லைன்ல ஒரு கிலோவாட் காற்றாலை மலிவா வருது. கூரையில மாட்டினா கரண்டு பில் குறையுமா?”

குறையாது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான். பெட்டியில் போட்டிருக்கும் ஒரு கிலோவாட், பெரும்பாலும் வினாடிக்கு 12 மீட்டர் காற்றுக்கான கணக்கு. கடலோரம் இல்லாத நம் பக்கத்தில் சராசரியாக வினாடிக்கு 2 மீட்டர் தேறினாலே பெரிது. அந்தக் காற்றில், 2 மீட்டர் விட்டமுள்ள சுழலிக்குள் நுழையும் மொத்த ஆற்றலே சுமார் 15 வாட். அதிலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். காற்றை முழுக்க நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்றுக்கு வழி ஏது? மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் ஐந்து வாட். அதுவும் சுழன்றால்தான், பல சுழலிகள் வினாடிக்கு 3 மீட்டர் வேகம் வராமல் அசைவதே இல்லை.

சரி, இறக்கைக்கு வருவோம். நல்ல இறக்கையைக் காற்று வெறுமனே தள்ளுவதில்லை. விமான இறக்கையைப் போலத் தூக்குவிசைதான் அதைச் சுற்றுகிறது. அதற்கு முன்விளிம்பு உருண்டு தடித்தும் பின்விளிம்பு மெலிந்தும் இருக்க வேண்டும். நுனி வேகமாகவும் அடிப்பகுதி மெதுவாகவும் சுற்றுவதால், அடியில் சாய்வு அதிகமாகவும் நுனிக்குப் போகப் போகக் குறைந்தும் முறுக்கியிருக்க வேண்டும். ஒருவர் வாங்கி வந்ததை விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு விளிம்பும் ஒரே தடிப்பு, அடி முதல் நுனி வரை ஒரே சாய்வு. இப்படிப்பட்ட தகட்டில் காற்று ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொள்ளும், இரைச்சல்தான் மிச்சம்.

மெதுவான காற்றுக்குச் செய்யக்கூடியது, இறக்கையை நீட்டுவது. விட்டம் இரண்டு மடங்கானால் பிடிக்கும் பரப்பு நான்கு மடங்கு. அதனால் கடைக்காரரிடம் முதலில் விட்டத்தைக் கேளுங்கள்.

அப்புறம் தோட்டத்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. மரத்துக்குப் பின்னால் காற்று சுழித்துச் சிதறும். சுற்றிலும் நூறு மீட்டருக்குள் உள்ள எதையும் விடப் பத்து மீட்டராவது உயரத்தில் சுழலி இருக்க வேண்டும் என்பது பொது விதி. பன்னிரண்டு மீட்டர் மரத்துக்கு இருபத்திரண்டு மீட்டர் கம்பம்! கூரையில் மாட்டினால் அதிர்வும் வீட்டுக்குள் இறங்கும்.

காற்று நன்றாக வீசும் கிழக்குக் கரையில், ஜொகூரின் மெர்சிங் பக்கம் நிலம் வைத்திருப்பவர் கேட்டால், முதலில் சில மாதம் காற்றை அளந்துவிட்டுப் பேசலாம். இங்கே கேட்பவரிடம் அதே காசுக்கு சோலார் பலகை போடச் சொல்கிறேன். அதில் எனக்கு லாபமும் உண்டு, ஒளிப்பானேன்.