கஹாவாய் வழக்கு: நியூசிலாந்துத் தூண்டில்காரருக்குச் சட்டம் தரும் பங்கு எவ்வளவு?

நியூசிலாந்தில் கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டாம், கட்டணமும் கிடையாது. பிடித்ததை விற்கக்கூடாது, பண்டமாற்றும் கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் இத்தனை மீன்தான், இத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். இவ்வளவு தாராளமாக இருப்பதால், கடல் மீனில் தனக்கென ஒரு பங்கைச் சட்டம் எடுத்து வைத்திருக்கிறது என்று தூண்டில்காரர் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒன்று உண்டு. ஆனால் அது பங்கு இல்லை, ஒரு கழித்தல் கணக்கில் வரும் ஒரு எண்.

அந்தக் கணக்கு 1996ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தில் இருக்கிறது. கோட்டா முறைக்குள் (வணிகப் பிடிப்பைப் பங்கு போட்டு அளந்து கொடுக்கும் முறை) வந்த ஒவ்வொரு மீனுக்கும், ஒவ்வொரு கடற்பகுதிக்கும், ஆண்டுக்கு மொத்தம் எத்தனை டன் பிடிக்கலாம் என்று மீன்வள அமைச்சர் முதலில் முடிவு செய்கிறார் (பிரிவு 13). அடுத்தது பிரிவு 21. வணிகக் கப்பல்களுக்கான அளவை நிர்ணயிக்கும்போது மூன்றுக்கு இடம் விட்டாக வேண்டும்: பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரபுவழி மீன்பிடிப்பு, பொழுதுபோக்கு மீன்பிடிப்பு, மீன்பிடிப்பால் வேறு வகையில் சாகும் மீன். இதெல்லாம் போக மிஞ்சுவது வணிகத்துக்கு.

வட தீவின் வடகிழக்குக் கடலில், ஆக்லாந்தும் பே ஆஃப் பிளென்டியும் சேர்ந்த பகுதியில், கஹாவாய் மீனுக்கு 2005இல் போட்ட கணக்கு இது. மொத்தம் 3,315 டன். மரபுவழிக்கு 495, பொழுதுபோக்குக்கு 1,680, வேறு வகைச் சாவுக்கு 65, வணிகத்துக்கு 1,075.

மேலோட்டமாகப் பார்த்தால் தூண்டில்காரருக்குத்தான் பெரிய பங்கு. ஆனால் 1,680ஐயும் 1,075ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. வணிக அளவு பத்துக் கோடிப் பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. 1,075 டன்னைப் பத்துக் கோடியால் வகுத்தால் ஒரு பங்குக்கு 10.75 கிராம். இந்தப் பங்கு சொத்து; விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம். ஒவ்வொரு அக்டோபர் 1ஆம் தேதியும், பங்குக்கு ஏற்ற கிலோக் கணக்கில் அந்த ஆண்டின் பிடிப்பு உரிமை கைக்கு வரும். அதற்கு மேல் பிடித்தால் கூடுதல் கிலோவுக்கு அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். 1,680 டன்னுக்கு அப்படி உரிமையாளர் யாரும் இல்லை. பிடிக்காமல் விட்டது அடுத்த ஆண்டுக்குச் சேராது. தாண்டிவிட்டால் உடனே கதவைச் சாத்துவாரும் இல்லை. தூண்டில்காரர்கள் இவ்வளவு பிடிப்பார்கள் என்ற மதிப்பீடுதான் அது. அதைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிடி, நாளொன்றுக்கு இத்தனை என்ற எண்ணிக்கைதான்.

தகராறு இங்கேதான் தொடங்கியது. கஹாவாய் மேல்மட்டத்தில் பெருங்கூட்டமாகத் திரியும் மீன். மேலே பறவைகள் வட்டமிடுவதை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம். கரையிலும் ஆற்று முகத்துவாரத்திலும் நின்று தூண்டில் போடுவோருக்குக் கிடைக்கும் மீனும் இதுதான். 1970களிலிருந்து சுருக்குமடிக் கப்பல்கள் இதைக் கூட்டம் கூட்டமாக வளைத்தன. 2004 அக்டோபர் 1 அன்று கஹாவாய் கோட்டா முறைக்குள் வந்தபோது, கப்பல்களுக்குப் பழைய பிடிப்புக் கணக்கை வைத்துப் பங்கு கிடைத்தது. அதிகம் அள்ளியவருக்கு அதிகம். தூண்டில்காரருக்கு, அப்போது அவர்கள் பிடித்துக்கொண்டிருந்ததாக மதிப்பிட்ட அளவு. மீன் ஏற்கெனவே குறைந்துபோன கடலில் எடுத்த அளவு அது என்பதுதான் அவர்கள் வாதம். வற்றிய கிணற்றில் ஒருவன் ஒரு குடம்தான் மொண்டான் என்பதால், அவன் வீட்டுக்கு ஒரு குடம் போதும் என்று எழுதி வைப்பது போன்ற வேலை. இந்த வாதத்துக்கு இன்றுவரை சரியான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

பொழுதுபோக்கு மீன்பிடிப்போரின் இரண்டு தேசிய அமைப்புகள் அமைச்சரின் 2004, 2005 முடிவுகளை எதிர்த்து வழக்குப் போட்டன. நங்காபுஹி மாவோரி மக்களின் ஆதரவும் அவர்களுக்கு இருந்தது. இதில் வியப்பில்லை. மரபுவழிப் பிடிப்பு, அதற்கென நியமிக்கப்பட்ட காவலரின் அனுமதியோடு நடப்பது. ஒரு மாவோரிக் குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்கு நாலு மீன் பிடித்தால், சட்டத்தின் கண்ணில் அதுவும் பொழுதுபோக்குக் கணக்குதான்.

2007 மார்ச்சில் உயர் நீதிமன்றம், மக்களின் சமூக, பொருளாதார, பண்பாட்டு நலனை அமைச்சர் உரியபடி எடைபோடவில்லை என்று தூண்டில்காரருக்குச் சாதகமாகச் சொன்னது. சான்ஃபோர்ட் உள்ளிட்ட மீன் நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை ரத்து செய்துவிட்டது. 2009 மே 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தூண்டில்காரரின் மேல்முறையீட்டைத் தள்ளியது. தலைமை நீதிபதி ஷான் எலியாஸ் மட்டும் மாறுபட்டார்.

தோற்ற வழக்கு என்றாலும் கையில் கிடைத்தது கொஞ்சம் உண்டு. பொழுதுபோக்குக்கு இடம் விடுவது அமைச்சரின் கடமை, விருப்பம் அல்ல. வணிக அளவை நிர்ணயிக்குமுன் அதைக் கணக்கில் கழித்தாக வேண்டும். மக்களின் நலன் என்பதும் அந்த எடையில் சேரும். கிடைக்காதது முன்னுரிமை. எவ்வளவு இடம் என்பது, நியாயமான வரம்புக்குள், அமைச்சரின் கையில். விகிதாசாரம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1997இல் ஸ்னாப்பர் என்ற இன்னொரு மீனைப் பற்றிய வழக்கிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. மக்கள்தொகை பெருகினால் தூண்டில்காரரின் ஒதுக்கீடு கூடவும் செய்யலாம்.

கூடியும் இருக்கிறது. 2013இல் அதே கடற்பகுதியின் ஸ்னாப்பருக்குப் பொழுதுபோக்கு ஒதுக்கீடு 3,050 டன்னாக உயர்ந்தது. வணிக அளவு 4,500 டன்னிலேயே நின்றது. பெரிய வெற்றி என்று கொண்டாடுவதற்குள், 2014 ஏப்ரல் 1 முதல் ஆளுக்கு ஒன்பது மீன் ஏழாகவும், குறைந்தபட்ச நீளம் 27 சென்டிமீட்டரிலிருந்து 30 ஆகவும் மாறின. கப்பல்களுக்கு நீள வரம்பு 25 சென்டிமீட்டராகவே இருந்தது. காகிதத்தில் டன் கூடினாலும் வாளியில் மீன் குறையலாம். அதனால் டன்னை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்லக்கூடாது.

நீதிமன்றம் அமைச்சரின் இடத்தில் உட்கார்ந்து டன்னை மாற்றாது என்பதால், அமைச்சர் முடிவெடுக்குமுன் நாம் மனு அனுப்பும் கட்டம்தான் முக்கியம். பெரும்பாலான மீன்களுக்கு ஆண்டுக் கணக்கு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே கருத்துக் கேட்பு அறிக்கை வரும். பொழுதுபோக்குத் தரப்பைக் கலந்தாலோசிப்பதும், முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தருவதும் சட்டம் விதித்தவை.

“மீன் குறைந்துவிட்டது” என்று மட்டும் எழுதும் மனுக்கள் எண்ணிக்கையில் சேரும், முடிவில் சேராது. எந்த மீன், எந்தக் கடற்பகுதி, அறிக்கையின் எந்த மாற்று யோசனையை ஏற்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒதுக்கீடு எந்த ஆய்வை வைத்துக் கணக்கிடப்பட்டது, அந்த ஆய்வு நடந்தபோது மீன்வளம் இலக்கு அளவுக்கு மேலே இருந்ததா கீழேயா என்று கேளுங்கள். உங்கள் பிடிப்புக் குறிப்பு இருந்தால் தேதி, இடம், தூண்டில் போட்ட மணிநேரம், நீளம் நான்கையும் சேருங்கள். ஒன்றும் கிடைக்காத நாட்களையும் விடாதீர்கள், அவைதான் அதிகம் பேசும். அடிப்படைத் தரவு அறிக்கையில் இல்லையென்றால் 1982ஆம் ஆண்டின் அரசுத் தகவல் சட்டத்தில் கேட்கலாம். அதற்குப் பதில் வர இருபது வேலை நாட்கள் வரை ஆகும் என்பதால், அறிக்கை வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.