பயோடீசல் கலனுக்கு எதற்குப் போர்வை?

"பழைய மின்சார வெந்நீர்த் தொட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்யும் கலனாக அதை மாற்றப்போகிறேன். வெளித்தகடு துருப்பிடித்துவிட்டது. உள்ளே இருக்கும் நுரையோடு சேர்த்துப் பிய்த்துப் போட்டுவிடலாமா? ஒரு மணி நேர வேலைக்கு இன்சுலேஷன் எல்லாம் தேவைதானா?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

பிய்க்காதீர்கள். பிய்த்தே ஆகவேண்டிய நிலை என்றால், அதே தடிமனுக்கு வேறு வெப்பக் காப்பை (இன்சுலேஷன்) சுற்றிவிடுங்கள். மின்சாரம் மிச்சமாகும் என்பது இதற்குச் சின்னக் காரணம்தான். பெரிய காரணம், பம்ப்பை நிறுத்திவிட்டு நீங்கள் தூங்கப் போன பிறகு கலனுக்குள் நடக்கும் ஒரு விஷயம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதற்கு முன் வேதியியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

தாவர எண்ணெயின் மூலக்கூறு ட்ரைகிளிசரைடு. ஒரு கிளிசரின் தண்டு, அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். இப்படி மூன்று கால்களோடு இருப்பதால்தான் எண்ணெய் அவ்வளவு பிசுபிசுப்பாக இருக்கிறது. அதன் பாகுத்தன்மை டீசலைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது உண்மைதான். ஆனால் வெறும் எண்ணெயைத் தொடர்ந்து ஊற்றினால் இன்ஜெக்டர் முனையில் கரி படிந்து எஞ்சின் படுத்துவிடும். 1937ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷவான் என்ற வேதியியலாளர் இதற்கு ஒரு வழியைக் காப்புரிமையாகப் பதிவு செய்தார். எண்ணெயை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்து அந்த மூன்று கால்களையும் தண்டிலிருந்து பிரித்துவிடுவதுதான் அந்த வழி. பிரிந்த கால்கள் ஆல்கஹாலோடு சேர்ந்து பயோடீசலாகும், தண்டு கிளிசரினாக மிஞ்சும். அடுத்த ஆண்டே அப்படிச் செய்த பாமாயில் எரிபொருளில் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவனுக்கும் இடையே ஒரு பேருந்து ஓடியது.

நாம் செய்வதும் அதேதான். ஆல்கஹாலுக்கு மெத்தனால், வினையூக்கிக்குக் காஸ்டிக் சோடா. 100 லிட்டர் எண்ணெய்க்குச் சரியாக வேண்டிய மெத்தனால் சுமார் 12.5 லிட்டர். இந்த வினை இரண்டு பக்கமும் ஓடக்கூடியது என்பதால், முன்பக்கமாகவே தள்ளுவதற்கு 20 லிட்டர் ஊற்றுகிறோம். புது எண்ணெய்க்கு லிட்டருக்கு 3.5 கிராம் காஸ்டிக் சோடா போதும். பொரித்த எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் இருக்கும், அது காஸ்டிக்கைத் தின்று சோப்பாகிவிடும். எவ்வளவு தின்னும் என்பதைப் பள்ளி ஆய்வகத்தில் செய்த அதே தரம்பார்த்தல் சோதனையில், பினாப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும் இடத்தை வைத்துக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். எண்ணெயில் தண்ணீர் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் சோப்புதான் மிஞ்சும்.

இனி வெப்பம். மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதனால் வினையை 55 டிகிரிக்குப் பக்கத்தில் நடத்துகிறார்கள். இந்த வினை தானாக வெளியிடும் வெப்பம் மிகமிகக் குறைவு. ஆகவே கலனில் இருக்கும் சூடு முழுவதும் நீங்கள் ஹீட்டர் போட்டுக் கொடுத்ததுதான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 50 செ.மீ. விட்டம், 80 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் 100 லிட்டர் எண்ணெய் இருக்கிறது என்போம். எடை 92 கிலோ. அறை வெப்பநிலை 30 டிகிரி. எண்ணெயை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஒன்றரை யூனிட் மின்சாரம், 2 கிலோவாட் ஹீட்டரில் முக்கால் மணி நேரம். ஹீட்டரை அணைத்துவிட்டு, தனிப் பாத்திரத்தில் காஸ்டிக் கரைத்து ஆறவைத்த 20 லிட்டர் மெத்தனாலைப் பம்ப் வழியாக உள்ளே விடுகிறீர்கள். அது அறைச் சூட்டில் இருப்பதால் கலவை 55 டிகிரிக்கு இறங்கிவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

காப்பு இல்லாத தொட்டியின் சுவர் வழியாக இப்போது சுமார் 400 வாட் வெளியேறிக்கொண்டிருக்கும். மணிக்கு ஆறு, ஏழு டிகிரி இறங்கும். 5 செ.மீ. தடிமனுக்குக் கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) சுற்றினால் அதே இழப்பு 30 வாட்டுக்கு வந்துவிடும், மணிக்கு அரை டிகிரிதான் இறங்கும். பம்ப் ஓடும் ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்தால் மிச்சமாவது அரை யூனிட் கூட இல்லை. அந்த வகையில் வாசகர் கேட்டது நியாயமான கேள்வி.

சரி, பம்ப்பை நிறுத்தியாயிற்று. வினை முடிந்து பயோடீசலும் கிளிசரினும் கலங்கிக் கிடக்கின்றன. இனி கிளிசரின் கீழே இறங்க வேண்டும். அது தண்ணீரைவிடக் கனமானது, பயோடீசலோ தண்ணீரைவிட லேசானது. அப்படியென்றால் தானாகவே இறங்கிவிடும் அல்லவா? பெரிய துளிகள் இறங்கிவிடும். சிக்கல் சின்னத் துளிகளில் இருக்கிறது.

ஒரு திரவத்துக்குள் விழும் சின்ன உருண்டையின் வேகத்துக்கு 1851ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஒரு சூத்திரம் கொடுத்தார். துளியின் அளவு பாதியானால் வேகம் நான்கில் ஒன்றாகும். அளவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. நம் கலனில் 0.1 மி.மீ. விட்டமுள்ள கிளிசரின் துளி, மேலிருந்து அடிவரை வர அரை மணியிலிருந்து முக்கால் மணி எடுக்கும். 0.01 மி.மீ. துளிக்கு அதே தூரம் இரண்டரை நாள். பம்ப் நன்றாக அடித்துக் கலக்கியிருந்தால் இந்தச் சின்னத் துளிகள் ஏராளமாக இருக்கும். துணைக்குச் சோப்பு வேறு, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுத்துக்கொண்டிருக்கும்.

சூட்டின் முதல் உதவி இங்கே வருகிறது. 30 டிகிரியில் இருப்பதைவிட 55 டிகிரியில் பயோடீசலின் பாகுத்தன்மை ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. திரவம் நீர்த்திருப்பதால் துளி சீக்கிரம் விழும். இது எல்லோரும் சொல்வதுதான்.

யாரும் அதிகம் பேசாதது இரண்டாவது உதவி. காப்பில்லாத தொட்டியில் சுவரை ஒட்டிய திரவம் மட்டும் முதலில் குளிர்கிறது. குளிர்ந்தால் கனம் கூடும். கனம் கூடினால் சுவரோரமாகவே வழுக்கிக் கீழே போகும். அது போன இடத்துக்கு நடுவிலிருந்து சூடான திரவம் வர, அடியில் சேர்ந்தது நடுவழியாக மேலே எழும். பம்ப் நின்றுவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, தொட்டி தன்னைத்தானே கலக்கிக்கொண்டிருக்கிறது. சுவருக்கும் நடுவுக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும், ஓரத்து ஓட்டம் நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகம் பிடித்துவிடும். நடுவில் எழும் ஓட்டம் அதைவிட மெதுவானதுதான். ஆனால் நம் சின்னத் துளி விழும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு! மெல்ல எழும் அந்த ஓட்டமே துளியைப் பத்திரமாக மேலே தூக்கிக்கொண்டு போய்விடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே கலவையை இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, ஒன்றை அப்படியே மேசைமேல் வைத்தேன். மற்றதைக் கம்பளித் துணியில் நான்கு சுற்றுச் சுற்றி, பார்ப்பதற்கு மட்டும் விரல் அகலத்தில் ஓர் இடுக்கு விட்டேன். விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. வெறும் குடுவையில் அவை கண்ணாடியை ஒட்டி வரிசையாகச் சரிந்து, அடியில் திரும்பி, நடுவில் மறுபடி மேலே வந்துகொண்டிருந்தன. ஒரு புள்ளியைக் கண்ணால் தொடர்ந்தால் அது இரண்டு சுற்று முடிப்பதைக்கூடப் பார்க்க முடிந்தது. துணி சுற்றிய குடுவையில் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில், மெதுவாக, நேராகக் கீழே இறங்கின. மேலே தெளிவும் கீழே கலங்கலுமாக ஒரு கோடு உருவாகி, அந்தக் கோடு இறங்கிக்கொண்டே போனது. அன்று இரவு வெகுநேரம் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு அழகும் உண்டு. கிளாஸ் வுல் எப்படி வெப்பத்தைத் தடுக்கிறது? கண்ணாடி அப்படியொன்றும் நல்ல தடுப்பான் இல்லை. தடுப்பது காற்று. அசையாமல் நிற்கும் காற்றைப்போல் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் சாதாரணப் பொருள்கள் குறைவு. ஆனால் காற்று சும்மா நிற்காது, சூடான சுவரை ஒட்டி மேலே ஓடும். அதைப் பின்னலுக்குள் சிறைபிடித்து நிறுத்துவதுதான் அந்த இழைகளின் வேலை. ஆக, சுவருக்கு வெளியே காற்றின் சலனத்தை நிறுத்துகிறோம். அதனால் சுவருக்கு உள்ளே எண்ணெயின் சலனமும் நின்றுவிடுகிறது. ஒரே இயற்பியல்தான் தகட்டின் இரண்டு பக்கமும். அதனால்தான் கிளாஸ் வுல்லை இறுக்கிக் கட்டக் கூடாது. அழுத்தினால் தடிமனும் போகும், காற்றும் போகும். நனையவும் கூடாது. தண்ணீர் வெப்பத்தைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகக் கடத்தும்.

இங்கே என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எரிபொருள் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்பவர்களிடம் காசு கொடுத்து ஏமாந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் முட்டாள்கள் இல்லை. எரிபொருளைப் பற்றி அவர்களுக்கு ஆசையும் ஆர்வமும் இருக்கிறது, அந்த ஆர்வத்துக்குச் சரியான தீனி போடுவதற்குத்தான் யாரும் இல்லை. பெரிய ஆலைகளுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது, வரட்டும். 100 லிட்டர் கலனை ஒரு பட்டறைக்காரர் ஆபத்தில்லாமல், சரியாகக் கட்டுவது எப்படி என்பதும் ஆராய்ச்சிதான். அதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், வாசகரின் தொட்டி. உள்ளே இருக்கும் நுரை நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும், வெளித்தகட்டை மட்டும் மாற்றுங்கள். நுரை இருக்கும்போது தொட்டியில் வெல்டிங் வைக்காதீர்கள். பாலியூரித்தேன் நுரை எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். உள்ளே தொங்கும் மெக்னீசியம் தண்டைக் கழற்றிவிடுங்கள். பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய குழாய்கள் வேண்டாம், அவை பயோடீசலைச் சீக்கிரம் கெடுத்துவிடும். அலுமினியம் உள்ளே இருக்கவே கூடாது, காஸ்டிக் பட்டால் ஹைட்ரஜன் வாயு வரும். காப்புக்கு மேல் வெளியே போர்த்துவதற்கு மட்டும் அலுமினியத் தகடு நல்லது. பளபளப்பாக இருப்பதால் கதிர்வீச்சு இழப்பும் குறையும்.

கலனை முழுக்க மூடி அடைத்துவிடாதீர்கள். 55 டிகிரியில் மெத்தனாலின் ஆவி வெளியே வரத் துடித்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு குழாய் வைத்து, அதைக் குளிரவைக்கும் சுருள் வழியாக அறைக்கு வெளியே, தீப்பொறிக்கு வாய்ப்பில்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த ஆவியை முகர்ந்தாலும் திரவம் தோலில் பட்டாலும் உடம்புக்குள் போகும், அளவு கூடினால் கண்பார்வையே போய்விடும். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் நெருப்பு கண்ணுக்கே தெரியாது. ஆகவே கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

எல்லா இடத்திலும் காப்புச் சுற்றக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பம்ப், வால்வு, குழாய் இணைப்புகள் இருக்கும் இடங்களை வெறுமையாக விடுங்கள். அங்கேதான் கசியும். கசிந்த எண்ணெய் கிளாஸ் வுல்லுக்குள் ஊறினால் ஒவ்வோர் இழையின் மேலும் மெல்லிய படலமாகப் பரவும். தாவர எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடும். சாதாரணமாக அந்த வெப்பம் கலைந்து போய்விடும். காப்புக்குள் அது எங்கே போகும்? சூடு ஏற ஏற வினை வேகமாகும், வினை வேகமாக ஆகச் சூடு இன்னும் ஏறும். யாரும் நெருப்பு வைக்காமலே புகைய ஆரம்பித்துவிடும். எண்ணெய் துடைத்த கந்தல் குவியல் தானாகத் தீப்பிடிப்பதும் இதனால்தான். எண்ணெய் ஊறிய காப்பை அன்றைக்கே வெட்டி எடுத்து, தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டுவிடுங்கள்.

பத்து மணி நேரம் கழித்துக் காலையில் வெப்பமானியைப் பாருங்கள். காப்பிட்ட கலன் இன்னும் 50 டிகிரியில் இருக்கும், இல்லாதது 32க்கு இறங்கியிருக்கும். காஸ்டிக் சோடா போட்டு எடுத்த கிளிசரின் குளிர்ந்தால் களியாக இறுகி வால்வை அடைத்துக்கொள்ளும். 50 டிகிரியில் கரும்பழுப்பாக, ஒரே தாரையாக ஓடிவரும். ஒளிபுகும் குழாய்த் துண்டு ஒன்றை வால்வுக்குக் கீழே பொருத்தியிருந்தால், அந்தப் பழுப்பு அறுந்து பொன்னிறம் தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும். அங்கே வால்வை மூடுங்கள்.