மீன் தொட்டியில் பவளம் வைக்கலாமா? கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குக் கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைக்கக் கூடாது. உயிரோடு இருந்தாலும் சரி, செத்து வெளுத்த துண்டானாலும் சரி, காசு கொடுத்து வாங்கினாலும் சரி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடற்கரையில் காலில் தட்டுப்பட்டதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. புலி, யானை எல்லாம் அதில்தான் வரும். பவளமும் உயிரினம்தான், சுண்ணாம்பால் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. கூடவே கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், சிலர் ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுகிற கடல் விசிறி, காயவைத்து விற்கும் கடல் குதிரை, கடல் அட்டை. 2001-இல் சேர்த்தார்கள். 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அபராதமும் கூடியது. முதல் அட்டவணை உயிரினம் என்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். "வெளிநாட்டுக் கோரல் சார், நம்ம ஊருது இல்ல" என்று கடையில் சொன்னால் நம்பி வாங்கிவிடாதீர்கள், அட்டவணை பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும் சொல்கிறதே தவிர எந்த நாட்டுக் கடல் என்று பிரிக்கவில்லை.

எங்கள் தெருவில், வியாசர்பாடியில், ஒரு அக்கா வீட்டு டிவி அலமாரியில் வெள்ளையாக ஒரு பவளத் துண்டு இருந்தது, தேங்காய் அளவு. ராமேஸ்வரம் போனபோது சாலையோரத்தில் வாங்கியதாம். "செத்த கல்லுதானேப்பா, இதுக்குமா சட்டம்?" என்றார். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் காட்டினேன். மேலெல்லாம் நட்சத்திர வடிவில் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழியும் ஒரு உயிரின் வீடு. இந்த உருண்டை வகை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும், அக்கா கையில் இருந்தது எத்தனை வருடத்து வளர்ச்சி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது மட்டுமல்ல, கடலில் மிதந்து வரும் பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வளரக் கெட்டியான தரை வேண்டும், செத்த பவளம்தான் அந்தத் தரை. அதையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டால் அங்கே மிஞ்சுவது மணல்.

சரி, இவ்வளவு கடுமை எதற்கு? அதற்கு மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 குட்டித் தீவுகள். 1986-இல் அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதன் பிறகும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள், சட்டத்தில் சேர்த்த பிறகுதான், 2005 வாக்கில், அது நின்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற 2 தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறையை வெட்டிவிட்டால் தீவு எப்படி நிற்கும்?

எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்பதைக் கரையில் நின்று சொல்ல முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். முக்குளிப்பவர்கள் பாறையின் மேல் 20 மீட்டர் அளவு நாடாவை விரித்து, நாடாவுக்கு நேர் கீழே எத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம், எத்தனை செத்தது, எத்தனை பாசி, எத்தனை மணல் என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் தண்ணீருக்குள்ளேயே எழுதிக்கொண்டு போவார்கள். அப்புறம் மீன் கணக்கு. ஒரு அகலத்தை வைத்துக்கொண்டு மெதுவாக நீந்தி, கண்ணில் படும் மீன்களை வகை வாரியாகக் குறிப்பார்கள். பவளத்தையே தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் குறைந்தால் உயிருள்ள பவளம் குறைகிறது என்று அர்த்தம், பாசியை மேயும் கிளி மீன் குறைந்தால் பாசி பவளத்தை மூடப்போகிறது என்று அர்த்தம். இதைச் செய்யவும் வனத்துறையின் அனுமதி வாங்க வேண்டும், பூங்காவுக்குள் ஆராய்ச்சியாளரும் இஷ்டத்துக்கு இறங்க முடியாது.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் 2005 வரை எல்லாத் தீவுகளையும் இப்படி அளந்தது. மொத்தம் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறையில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்துபோயிருந்தது அப்போதுதான் கணக்காகத் தெரிந்தது. 2016 கோடையில் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கியது. சூட்டை நீங்களும் நானும் நாளைக்கே குறைக்க முடியாது. தப்பிப் பிழைத்ததைத் தொட்டிக்காகப் பெயர்க்காமல் இருக்க முடியும். இந்த எண்களைப் பார்த்த பிறகு அந்த 25,000 ரூபாய் அபராதம் எனக்கு அதிகமாகவே தெரியவில்லை.

"பவளக்காரத் தெருன்னே மண்ணடியில தெரு இருக்கே, அங்க விக்கலையா?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் காலத்தில் வணிகர்கள் மத்திய தரைக்கடலிலிருந்து கப்பலில் இறக்கிய நகைப் பவளம் அது, நம் பாறையை உடைத்தது அல்ல.

ஏற்கெனவே வீட்டில் துண்டு இருந்தால்? விற்காதீர்கள், ஆன்லைனில் போடாதீர்கள், யாருக்கும் பரிசாகவும் கொடுக்காதீர்கள். எப்படிக் கிடைத்தது, எந்த ஆண்டு என்று எழுதி வனத்துறை அலுவலகத்தில் கேட்டு ஒப்படைப்பதுதான் என் யோசனை. அக்காவுக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். காசிமேட்டு மீனவர்களுக்கு ஒன்று: கடல் குதிரையோ கடல் அட்டையோ வலையில் ஏறினால் அங்கேயே கடலில் விட்டுவிடுங்கள். கடையில் உயிர்ப் பவளம் விற்பதைப் பார்த்தால் வனத்துறையிடம் சொல்லலாம், வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகத்துக்கும் சென்னையில் மண்டல அலுவலகம் உண்டு.

உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கும் ஆசையை விட வேண்டியதில்லை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் உருவாக்கியிருக்கிறது, வாங்கும்போது பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். பவளத்துக்குப் பதில் ரெசினில் செய்ததை வையுங்கள், கோமாளி மீன் அதற்குள்ளும் ஓடி ஒளிந்துகொள்ளும்.