பெரும் பாய்ச்சல்: ஒரு சொல்லுக்காக நடந்த சண்டை

மாவோ காலத்துச் சீனாவைப் பற்றித் தமிழில் படித்தவர்கள் ‘முன்னோக்கிய மாபெரும் பாய்ச்சல்’ என்ற தொடரைப் பார்த்திருப்பார்கள். வேளாண்மை, எஃகு உற்பத்தியை ஒரே மூச்சில் உயர்த்த மாவோ நடத்தி, பெரும் பஞ்சத்தில் முடிந்த இயக்கத்தின் பெயர். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த நீளம் அது. சீனத்தில் மூன்றே எழுத்துகள்தான்: தா யுவே ஜின். ‘தா’ என்றால் பெரிய. ‘யுவே’ என்றால் பாய்தல், தாவுதல். ‘ஜின்’ என்றால் முன்னேறுதல். தமிழில் பாய்ச்சல் என்றாலே முன்பக்கம் நோக்கியதுதான், ‘முன்னோக்கிய’ தேவையில்லை. ‘தாவல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கட்சித் தாவல்தான் நினைவுக்கு வரும். ஆகவே ‘பெரும் பாய்ச்சல்’ என்பதே பொருத்தம்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள ‘ஜின்’னில் முடியும் இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும்: மாவ் ஜின். (இந்த ‘மாவ்’ வேறு எழுத்து, மாவோவின் பெயரோடு தொடர்பில்லை.) பின்விளைவு பாராமல் முன்னே போவது என்று பொருள். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்போமே, அதேதான். தமிழில் ‘கண்மூடிப் பாய்ச்சல்’ என்று எழுதலாம்.

1956இல் முதலீடும் உற்பத்தி இலக்குகளும் கைமீறிப் போனபோது, பிரதமர் சோ என்லாயும் பொருளாதாரப் பொறுப்பில் இருந்த சென் யுன்னும் அவற்றைக் குறைத்தார்கள். இந்த முயற்சிக்கு ‘கண்மூடிப் பாய்ச்சலுக்கு எதிர்ப்பு’ என்று பெயர். அந்த ஜூனில் கட்சி ஏடான மக்கள் நாளிதழ் இதே கருத்தில் தலையங்கம் போட்டது. அச்சாகும் முன் தனக்கு வந்த படியில் மாவோ ‘படிக்கவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அடுத்த ஆண்டு, 1957 நவம்பர் 13 அன்று, அதே நாளிதழின் தலையங்கம் வேளாண் உற்பத்தியில் ‘பெரும் பாய்ச்சல்’ வேண்டும் என்று எழுதியது. மாவோவுக்கு இந்தச் சொல் அவ்வளவு பிடித்துப்போனது. முனைவர் பட்டம் கொடுப்பதானால், இந்த முழக்கத்தைக் கண்டுபிடித்தவருக்கே முதல் பட்டம் தரவேண்டும் என்று பின்னர் எழுதினார். 1958 ஜனவரியில் நான்னிங் நகரில் கூடிய கூட்டத்தில், ‘கண்மூடிப் பாய்ச்சலுக்கு எதிர்ப்பு’ என்ற தொடரையே இனி எடுக்கக் கூடாது, அது அரசியல் பிரச்சினை என்றார். மே மாதக் கட்சி மாநாட்டில் சோ என்லாய் தன் தவற்றை ஒப்புக்கொண்டு பேச வேண்டியதாயிற்று. பிரதமரே தன் சொல்லை விழுங்கிய பிறகு, கணக்கு சரியில்லை என்று வாய் திறக்க யாருக்குத் துணிவு வரும்? என்னைக் கேட்டால், பேரழிவு தொடங்கியது பின்னால் ஊர்தோறும் எழுந்த இரும்பு உலைகளில் அல்ல, இந்த இடத்தில்தான்.

தமிழ்ச் சொல்லுக்கு எதிர்பாராத ஒரு பொருத்தமும் உண்டு. நம் வயல்களில் பாய்ச்சல் என்றால் நீர்ப்பாய்ச்சல். சீனத்துப் பெரும் பாய்ச்சலும் 1957–58 குளிர்காலத்தில் கோடிக்கணக்கான உழவர்கள் வாய்க்காலும் அணையும் வெட்டியதில்தான் தொடங்கியது. அப்புறம் மக்கள் கம்யூன்கள் (பல ஊர்களின் நிலத்தையும் உழைப்பையும் ஒன்றாக்கிய கூட்டமைப்புகள்), பொதுச் சமையற்கூடங்கள், இரும்பு உருக்க ஊர்தோறும் மண் உலைகள். 1957இல் 53.5 லட்சம் டன்னாக இருந்த எஃகு உற்பத்தியை ஒரே ஆண்டில் இரட்டிப்பாக்க இலக்கு வைத்தார்கள். சட்டியும் அரிவாளும் உலைக்குள் போயின. வெளியே வந்த இரும்பில் பெரும்பகுதி எதற்கும் உதவவில்லை. 1958இல் 37.5 கோடி டன் தானியம் விளைந்ததாக அறிவித்தார்கள். உண்மையில் விளைந்தது ஏறக்குறைய 20 கோடி டன். இல்லாத விளைச்சலை வைத்து அரசு கொள்முதல் செய்ததால், உழவர் வீட்டில் உண்ண மிஞ்சவில்லை.

1959 ஜூலையில் லூஷான் மலையில் தலைவர்கள் கூடினார்கள். பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் மாவோவுக்குக் கடிதம் எழுதினார். பணிவான கடிதம்தான். ஆனால் மண் உலைகளைப் பற்றிச் சொல்லும்போது ‘இழப்பும் உண்டு, பலனும் உண்டு’ என்று எழுதியிருந்தார். பலனை முதலில் சொல்வதுதான் வழக்கம். இழப்பை முன்னால் வைத்ததே குற்றமாகப் பார்க்கப்பட்டது. இயக்கத்தின் வேகத்தைக் குறித்து அவர் எழுதிய ‘குட்டி முதலாளித்துவ வெறி’ என்ற தொடர் மாவோவை இன்னும் ஆழமாகக் குத்தியது. பெங் பதவி இழந்தார், லின் பியாவ் அந்த இடத்துக்கு வந்தார். குறை சொன்னவர்கள் மேல் ‘வலது சந்தர்ப்பவாதி’ என்ற முத்திரை குத்தி, நாடு முழுக்க வேட்டை தொடங்கியது. தளர்த்த வேண்டிய நேரத்தில் கயிறு இன்னும் இறுகியது. பட்டினியால் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன.

அந்தப் பஞ்சத்துக்கு அரசு வைத்த பெயர் ‘மூன்றாண்டு இயற்கைப் பேரிடர்’. 1962 ஜனவரியில் ஏழாயிரம் கட்சி ஊழியர்கள் கூடிய மாநாட்டில், ‘இயற்கையின் குற்றம் மூன்று பங்கு, மனிதர் குற்றம் ஏழு பங்கு’ என்று ஹூனான் உழவர்கள் சொன்னதை எடுத்துப் பேசினார் நாட்டின் தலைவர் லியூ ஷாவோச்சி. மாவோ அதை மறக்கவில்லை. கலாச்சாரப் புரட்சியில் லியூ வீழ்த்தப்பட்டு, 1969இல் காவலில் இறந்தார். ஆகவே தமிழில் எழுதும்போது ‘இயற்கைப் பேரிடர்’ என்ற அரசுச் சொல்லை அப்படியே எடுக்காதீர்கள். ‘பெரும் பாய்ச்சல் பஞ்சம்’ என்று எழுதுங்கள்.