படகு ஏன் நிமிர்கிறது, ஏன் கவிழ்கிறது?

சின்னப் படகில் கால் வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்கிறது. நடுவில் உட்கார்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடுகிறது. நிமிர்த்துவது தண்ணீர்தான். படகு, ஆட்கள், சரக்கு எல்லாவற்றின் எடையும் சேர்ந்து ஈர்ப்பு மையம் என்ற புள்ளி வழியாகக் கீழே இழுக்கிறது. தண்ணீரின் உந்துவிசை, மூழ்கியிருக்கும் பகுதியின் நடுவிலுள்ள மிதப்பு மையம் வழியாக மேலே தள்ளுகிறது. படகு நேராக இருக்கையில் இரண்டு மையங்களும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். சாய்ந்தால், சாய்ந்த பக்கம் கூடுதலாக மூழ்கும். மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகரும். இப்போது ஒரு விசை நடுவில் கீழே இழுக்க, இன்னொன்று ஓரத்தில் மேலே தள்ள, படகு திருகப்பட்டு நிமிர்கிறது.

நகர்ந்துவிட்ட மிதப்பு மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால், அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்தப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று 1746-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் பியர் பூகேர். ஈர்ப்பு மையம் இந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை படகு நிமிரும். அதைத் தாண்டி மேலே போய்விட்டால், நிமிர்த்திய அதே விசைகள் படகைக் கவிழ்க்கும்.

பூகேருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதை ஸ்வீடன் பட்டுத் தெரிந்துகொண்டது. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதல் பயணம் கிளம்பிய வாசா போர்க்கப்பல், சுமார் 1,300 மீட்டர் போனதும் ஒரு காற்று வீச்சில் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. நீர்மட்டத்துக்கு மேலே எடை மிக அதிகம். முன்னதாகச் சோதனை செய்தபோது 30 பேர் மேல்தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓடினார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து சோதனையை நிறுத்திவிட்டார்கள். அப்படியும் கப்பலை அனுப்பினார்கள் என்பதுதான் வேதனை.

சின்னப் படகில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. 60 கிலோ எடையும் 80 செ.மீ. அகலமும் உள்ள ஒடுக்கமான படகில், தலா 70 கிலோ எடையுள்ள மூவர் தாழ்வான பலகைகளில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 270 கிலோ. ஒருவர் எழுந்து நின்றால் அவருடைய உடலின் ஈர்ப்பு மையம் சுமார் அரை மீட்டர் உயரும். 70-ஐ 0.5-ஆல் பெருக்கி 270-ஆல் வகுத்தால், எல்லோருக்கும் பொதுவான ஈர்ப்பு மையம் 13 செ.மீ. உயர்ந்திருப்பது தெரியும். இவ்வளவு ஒடுக்கமான படகில், ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். போட்டோ எடுக்க ஒருவர் எழுந்ததும் படகு தள்ளாடுவதற்கு ஓட்டுபவரின் கைத்திறமைக் குறைவு காரணமல்ல. நிமிர்த்தும் விசையே அந்த நொடியில் இல்லாமல் போய்விடுகிறது.

அகலம் கூடினால் நிலைமை வேகமாக மாறும். மெட்டாசென்டரின் உயரத்தைத் தீர்மானிப்பதில் அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) பங்கு உண்டு. 80 செ.மீ. ஒரு மீட்டரானால் அந்தப் பங்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

மிதக்கும் சந்தைகளில் வியாபாரிகள் சரக்கை அடுக்கும் விதத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வியட்நாமில் கான் தோ நகரை அடுத்த காய் ராங் சந்தையில், பெரிய படகுகளின் முன்புறத்தில் நீண்ட மூங்கில் கழி நிற்கும். படகில் என்ன விற்கிறார்களோ அதில் ஒன்றிரண்டை, ஓர் அன்னாசியையோ பூசணியையோ, கழியின் உச்சியில் கட்டியிருப்பார்கள். தூரத்தில் வருபவருக்கு அதுவே விளம்பரம். மேலே மாதிரி மட்டும்தான், பாரம் முழுவதும் அடியில். தாய்லாந்தின் தம்நோன் சதுவாக் சந்தை, மே க்லோங், தா சின் ஆறுகளை இணைக்க 1860-களில் வெட்டிய கால்வாயைச் சேர்ந்தது. அங்கே சிறு படகுகளில் பழக்கூடையும் அடுப்பும் தரையோடு ஒட்டி இருக்க, விற்பவரும் தாழ உட்கார்ந்தே துடுப்புப் போடுவார். எழுந்து நின்று வியாபாரம் பார்ப்பவர் அநேகமாக இல்லை.

பயணிகளுக்கு ஆபத்து பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். படித்துறையில் ஒரு கால், படகில் ஒரு கால் என்று நின்று படகிலுள்ள காலை உந்தினால், படகு எதிர்ப்பக்கம் விலகும். 60 கிலோ படகுக்குத் தண்ணீரில் தடை மிகக் குறைவு, சட்டென்று வழுக்கிப் போய்விடும். பையை முதலில் படகுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். குனிந்து, கைப்பிடியையோ படகுக்காரரின் கையையோ பிடித்துக்கொண்டு, முதல் அடியையே படகின் நடுக்கோட்டில் வையுங்கள். ஓரப் பலகையில் மிதிக்கக் கூடாது. ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர் ஏற வேண்டும்.

உட்கார்ந்த பிறகு கவனிக்க வேண்டியது கைகளை. ஓரப் பலகையை வெளிப்பக்கமாக நான்கு விரல்களாலும் பற்றிக்கொள்வது எல்லோருக்கும் இயல்பு. நெரிசலான கால்வாயில் இன்னொரு படகு வந்து உரசும்போது, சில நூறு கிலோ எடை மெதுவாகத்தான் வரும், ஆனால் நிற்காது. நடுவில் விரல் அகப்பட்டால் நசுங்கிவிடும். பலகையை உள்பக்கமாகப் பிடியுங்கள், அல்லது இருக்கையைப் பிடியுங்கள். வாங்கும் பொருளை எட்டிப் பறிக்காமல் விற்பவர் நீட்டும்வரை காத்திருங்கள், கொதிக்கும் குழம்புக் கிண்ணம் என்றால் கட்டாயம். நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் மோட்டார் படகில், பின்வரிசையில் இருப்பவர் துப்பட்டாவையும் விரித்த முடியையும் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் படகுகள் கிளப்பும் அலை பக்கவாட்டில் வந்து மோதினால் சிறு படகு உருளும். தேர்ந்த படகோட்டி முன்முனையை அலைக்கு நேராகத் திருப்புவார். அந்த நேரத்தில் பயணிகள் அசையாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் உதவி.

படகுக்குள் தேங்கும் தண்ணீரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 4 மீட்டர் நீளமும் 80 செ.மீ. அகலமும் உள்ள தட்டையான தரையில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் 160 லிட்டர், அதாவது 160 கிலோ. அது ஆட்களைப் போல ஓரிடத்தில் உட்கார்ந்திராது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முழுவதும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். கணுக்கால் நனையும்வரை காத்திருக்காமல் அள்ளி இறைத்துவிட வேண்டும்.

பாய்மரப் படகில் இந்தக் கணக்கோடு காற்றும் சேர்கிறது. காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளும். தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகை அதை எதிர்க்கும். இந்த எதிர்ப்பு இருப்பதால்தான் படகு பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படாமல் முன்னே போகிறது. காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 டிகிரி வரை எதிர்த்தும் ஏற முடிகிறது. ஆனால் மேலே தள்ளல், கீழே தடை என்று இரண்டும் சேர்ந்து படகைச் சாய்க்கவும் செய்கின்றன. ஓட்டுபவர் காற்று வரும் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்து, உடம்பை வெளியே சாய்த்து, இதை ஈடுகட்டுகிறார்.

புதியவர்கள் தவறாகக் கணிப்பது காற்றின் வலிமையைத்தான். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 7 சதுர மீட்டர் பாயில் 10 நாட் காற்று (மணிக்கு 18.5 கி.மீ.) சுமார் 13 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது என்றால், 20 நாட் காற்று 50 கிலோவுக்கு மேல் தள்ளும். தண்ணீருக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் அது தள்ளுவதாக எடுத்துக்கொண்டால், ஓரத்தில் தொங்கும் ஒருவரின் எடை முதல் காற்றுக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. ஆகவே வானிலை முன்னறிவிப்பில் சராசரி வேகத்தை விட்டுவிட்டு, திடீர் வீச்சின் வேகத்தைப் பாருங்கள். நீர்ப்பரப்பில் அங்கங்கே மட்டும் தெரிந்த வெள்ளை நுரை பரவலாகத் தெரிய ஆரம்பித்தால், காற்று 11 நாட் வேகத்தைத் தாண்டிவிட்டது. முதல் சில வாரங்களில் அதுவே கரைக்குத் திரும்ப வேண்டிய நேரம்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இன்னும் ஏமாற்றும். கரையோரத்தில் அலையே இராது, தண்ணீர் அமைதியாகத் தெரியும். சில நூறு மீட்டர் போன பிறகுதான் உண்மையான வேகம் பிடிபடும். அப்போது கரைக்கு வரக் காற்றை எதிர்த்து ஏற வேண்டும், புதியவருக்கு அதுதான் மிகக் கடினம்.

திடீர் வீச்சு வந்தால் முதல் வேலை பாய்க்கயிற்றைத் தளர்த்துவது. பாய் படபடத்ததும் விசை போய்விடும். இதற்காகவே அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவோ முடிச்சுப் போடவோ கூடாது. காற்று பின்னாலிருந்து வரும்போது திருப்பினால், பாயின் கீழ்க்கழி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வேகமாக வீசி வரும். தலைக்காயங்கள் பலவும் அப்படி ஏற்படுபவைதான். பழகும்வரை காற்றுக்கு எதிராகவே முன்முனையைத் திருப்பிச் சுற்றி வாருங்கள், நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

எப்படியும் ஒரு நாள் கவிழும். பயிற்சிப் படகுகளில் காற்றடைத்த அறைகள் இருப்பதால் அவை மூழ்குவதில்லை. கரையிலிருந்து கிளம்பும்முன் வடிகால் மூடியை மாட்டியிருந்தால் மட்டும்! மறந்துபோகும் பொருள்களில் அதற்குத்தான் முதலிடம். கவிழ்ந்ததும் எல்லோரும் மேலே வந்துவிட்டார்களா என்று பாருங்கள். பாய்க்கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்ந்த படகு காற்றைப் பிடித்து மீண்டும் கவிழும். முன்முனையைக் காற்றின் பக்கம் திருப்புங்கள். நடுப்பலகை முழுவதும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து, அதன்மேல் படகின் உடற்பகுதியை ஒட்டி ஏறி நில்லுங்கள். நுனியில் நின்றால் பலகை உடையலாம். ஓரத்தைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தபடியே பொறுத்திருங்கள். பாயில் நிறைந்த தண்ணீர் வடியச் சில நொடிகள் ஆகும், அதுவரை ஒன்றும் அசையாதது போலத்தான் இருக்கும். நிமிர்த்த முடியவில்லையென்றால் படகைப் பிடித்துக்கொண்டே மிதக்க வேண்டும், நீந்திக் கரைக்குப் போகக் கூடாது. தண்ணீர்ப் பரப்பில் தூரம் குறைவாகத் தெரியும். தேடி வருபவருக்குப் படகு கண்ணில் படும், ஒரு தலை படாது.

15 டிகிரி செல்சியஸுக்குக் கீழான தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்துபவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். உயிர்காப்பு அங்கி தேவைப்படுவது முதலில் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். அங்கியின் மிதப்பு விசை 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகில் இருக்கும் இடத்துக்கு. சுமார் 5 கிலோ தாங்கும், மயங்கியவரைத் திருப்பிப் போடாது. 150 நியூட்டன் அங்கி பெரும்பாலும் முகத்தை மேலே திருப்பும். சந்தைப் படகில் தரும் அங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டைகளைத் திறந்தே விட்டால், விழுந்ததும் அது தலைக்கு மேலே போய்விடும். போட்டவுடன் யாரையாவது தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் பட்டையை இன்னும் இறுக்க வேண்டும். குழந்தைகளுக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து எடுங்கள், கால்களுக்கு நடுவே வரும் பட்டையையும் பூட்டுங்கள்.