அட்ரஸ் ஸ்பேஸ்: முகவரிப் பரப்பு

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியில் 4 ஜிபி ரேம் போட்டுவிட்டு, மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தேன். 3.25 ஜிபி என்று காட்டியது. குறைந்த ரேமைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். ரேமில் எந்தக் குறையும் இல்லை. போதாமல் போனது முகவரி.

நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு, தெருவில் வீடுகளுக்குக் கதவு எண் இருப்பது போல. அதுதான் மெமரி அட்ரஸ். இப்படிக் கொடுக்க முடிந்த எண்கள் மொத்தமும் சேர்ந்தது அட்ரஸ் ஸ்பேஸ். 32 பிட் எக்ஸ்பியில் இந்த எண் 32 இலக்கம் கொண்டது. ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. கணக்குப் போட்டால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள் வரும். அதாவது 4 ஜிபி.

சரி, அப்படியானால் முழு 4 ஜிபியும் தெரிய வேண்டுமே? இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம். கிராபிக்ஸ் கார்டு, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்), மதர்போர்டில் உள்ள மற்ற சாதனங்கள் எல்லாவற்றுக்கும் இதே கையிருப்பிலிருந்துதான் முகவரி போகிறது. அவை 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே உள்ள எண்களைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த இடத்துக்கு வர வேண்டிய ரேம், வீடு இருந்தும் கதவு எண் இல்லாத கதையாகிவிடுகிறது. பெரும்பாலும் 3 முதல் 3.5 ஜிபி வரைதான் மிஞ்சும். அதிலும் ஒரு தனி நிரலுக்கு வழக்கமாக 2 ஜிபிக்கு மேல் கிடைக்காது. எக்ஸ்பிக்கு 3 ஜிபி ரேம் போதும் என்று நான் சொல்வது இதனால்தான். 2005-ல் வந்த 64 பிட் எக்ஸ்பிக்கு இந்தத் தடை கிடையாது.

அட்ரஸ் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வேர் லத்தீனில் 'நேரான' என்று பொருள்படும் சொல். நேராக்கு, ஒன்றை நோக்கிச் செலுத்து என்பதே முதல் பொருள். கடிதத்தைச் செலுத்தும் இடம் பிறகு வந்தது. கணினியிலும் அதே வேலைதான்: இன்ன பைட்டுக்குப் போ என்று காட்டுவது.

தமிழில் விலாசம் என்றும் சொல்கிறோம். ஆனால் முகம், வரி இரண்டும் சேர்ந்த முகவரி இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஸ்பேஸுக்கு 'வெளி' என்று போட்டு 'முகவரி வெளி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. வெளி என்றதும் எல்லையில்லாத வானம்தான் மனதில் வருகிறது. நாம் பேசுவதோ அளந்து முடித்த ஒன்று. அதனால் 'முகவரிப் பரப்பு' என்பதையே நான் எழுதுகிறேன். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் முகவரிப் பரப்பு 1 எம்பி. திரைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கியது போக, அன்றைய இயங்குதளமான டாஸுக்குக் கிடைத்தது 640 கேபி.